இரண்டு மேட்ச், ஏழு வருஷம்

வாலிபர் பாடம்



போன மாதம் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருந்த நேரம். ஒரு தாயார் என்னை ஓரமாய்க் கூப்பிட்டார்கள். இரும்புலியூரிலிருந்து வருகிறவர்கள். மகன் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான்.

"பாஸ்டர், நீங்க சொன்னா கேப்பான். அந்த பேட்டைத் தூக்கிப் பரண்ல போடச் சொல்லுங்க. டீம் லிஸ்ட்ல பேர் வரலையாம். நாலு நாளா செவுத்தப் பாத்துப் படுத்துக் கிடக்கான். சோறு எறங்கல."

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பையன் எழுந்து உட்கார்ந்தான், அவ்வளவுதான். ரொம்ப நேரம் கழித்து ஒரு வார்த்தை சொன்னான். "ரெண்டு மேட்ச் ஆட வெச்சாங்க பாஸ்டர். ரெண்டுலயும் சரியா ஆடல. எடுத்துட்டாங்க. முடிஞ்சு போச்சு."

ரெண்டு மேட்ச் என்று அவன் சொன்னவுடனே எனக்கு ஒரு மனுஷருடைய நினைவு வந்தது. அவருக்கும் சரியாய் இரண்டு மேட்ச்தான் கொடுத்தார்கள். பிறகு எடுத்துவிட்டார்கள். அந்தக் கதையை அன்றைக்கு அரைகுறையாய்ச் சொன்னேன். முழுசாய் எழுதித் தருகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். அதுதான் இந்த மாதப் பாடம். ஊழியக்காரன் கிரிக்கெட்டைப் பற்றி எழுதலாமா என்று முகம் சுளிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் தெரியாத தாய்மாருக்கும் விளங்கும்படி எழுதப் பார்க்கிறேன். இவர் நம்முடைய சபைக்காரர் என்றோ, இது ஒரு சாட்சி என்றோ நான் சொல்ல வரவில்லை. இது ஒரு ஆட்டக்காரர் பிழைத்த பிழைப்பு.

அவர் ராபின் சிங். முழுப் பெயர் ரபீந்திர ராமநாராயண் சிங்.

போன குடும்பம், திரும்பி வந்த பிள்ளை

மேற்கிந்தியத் தீவுகளில் டிரினிடாட் என்று ஒரு தீவு. வெள்ளைக்காரன் காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் நாட்டு ஜனங்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். 1845-ல் தொடங்கி 1917 வரைக்கும் கப்பல்கள் போயின. நம்முடைய சென்னைத் துறைமுகத்திலிருந்தும் போயிருக்கிறார்கள். ராபின் சிங்கின் முன்னோர் ராஜஸ்தான் பக்கத்தார். அந்தத் தீவின் தெற்கே பிரின்சஸ் டவுன் என்கிற ஊரில் 1963 செப்டம்பர் 14-ல் இவர் பிறந்தார். இடது கையால் பேட் பிடிப்பார், வலது கையால் மிதவேகத்தில் பந்து போடுவார். டிரினிடாடின் இளையோர் அணிக்கே ஆடியிருக்கிறார்.

அப்படிப்பட்டவர் 1980-களின் முதல் பாதியில் சென்னைக்குப் படிக்க வந்தார். இதைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் மேற்கிந்திய அணிதான் உலகத்துக்கே ராஜா. இங்கேயிருந்து அங்கே போனால் கிரிக்கெட்டுக்காக என்று சொல்லலாம். அங்கேயிருந்து இங்கே வருகிறவனைப் பார்த்தால் ஊரார் சிரிப்பார்கள். பாஷை தெரியாது. வெயில் பழக்கம்தான், சாப்பாடு பழக்கமில்லை. தகப்பன் தாய் கடலுக்கு அந்தப் பக்கம். இந்த நாளைப்போல செல்போனில் முகம் பார்த்துப் பேசுகிற வசதியும் கிடையாது.

இங்கே கல்லூரி மாணவன் கிரிக்கெட்டில் மேலே ஏற ஒரு வழி உண்டு. கல்லூரி அணி, அதிலிருந்து தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்துகிற லீக், அங்கே பெயரெடுத்தால் மாநில அணி. மாநில அணிகள் ஒன்றோடொன்று ஆடுவதுதான் ரஞ்சிக் கோப்பை. ராபின் அந்தப் படிகளில்தான் ஏறினார். 1987-88 பருவத்தில் சேப்பாக்கத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் வாசுதேவன் தலைமையிலான தமிழ்நாடு அணி ரயில்வே அணியை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் தோற்கடித்தது. 1954-55-க்குப் பிறகு நமக்குக் கிடைத்த இரண்டாவது ரஞ்சிக் கோப்பை அது. அந்த அணியில் இந்தத் தீவுப் பிள்ளையும் ஒருவர்.

சொந்த ஊரில், எதிராளியாக

இந்தியாவுக்கு ஆட வேண்டுமானால் இந்தியக் குடியுரிமை வேண்டும். நம் நாட்டுச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும். டிரினிடாட் பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுத்து 1989-ல் அவர் இந்தியப் பிரஜையானார்.

விட்டுக்கொடுத்தது என்றால் என்னவென்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏதாவது தவறிப்போனால் "சரி, ஊருக்குப் போய் அங்கே ஆடிக்கொள்கிறேன்" என்று சொல்வதற்கு இருந்த வாசலைத் தன் கையாலேயே சாத்துகிற காரியம் அது.

அதே வருஷம் வெங்சர்க்கார் தலைமையில் இந்திய அணி எங்கே போனது தெரியுமா? மேற்கிந்தியத் தீவுகளுக்கு. 1989 மார்ச் 11-ல் ராபின் சிங் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் ஆட்டம் ஆடினார். இடம் போர்ட் ஆஃப் ஸ்பெயின். டிரினிடாடின் தலைநகரம்! பிறந்த மண்ணில், வளர்த்த ஜனங்களுக்கு முன்னால், எதிரணிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அப்போது வயது 25.

அந்தப் பயணத்தில் இரண்டு ஒருநாள் ஆட்டம் கொடுத்தார்கள். இரண்டிலும் சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பேட்டும் பந்தும் இரண்டும் தெரிந்தவனுக்கு அணியில் இருக்கிற இடமே ஒன்றோ இரண்டோ. அந்த நாட்களில் அந்த இடத்தில் கபில்தேவ் இருந்தார். அவரோடு மனோஜ் பிரபாகர் இருந்தார். கபில்தேவ் ஆட்டத்தை முடித்துக்கொண்டது 1994-ல். பிரபாகர் 1996 உலகக் கோப்பையோடு முடித்தார். ஆக, காலியில்லாத நாற்காலிக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய திறமைக் குறைவு மாத்திரம் அதற்குக் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நிற்கிறவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் ஆறுதலாய் இருக்குமா? இராது.

யாரும் பார்க்காத ஆட்டங்கள்

1989-லிருந்து 1996 வரை ஏழு வருஷம். யாக்கோபு ராகேலுக்காக ஏழு வருஷம் வேலை செய்தான் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் யாக்கோபுக்காவது அது லாபானோடு முன்னமே பேசி வைத்த கணக்கு. முடிவு எப்போது என்று அவனுக்குத் தெரியும். ராபின் சிங்குக்கு அந்தக் கணக்கும் கிடையாது. இன்னும் ஏழா, பத்தா, ஒருபோதும் இல்லையா? ஒருவரும் சொல்லவில்லை.

ஆட்டக்காரருக்கு வயசு என்பது கற்பூரம் மாதிரி. 25-ல் எடுக்கப்பட்டவர் 30-ஐத் தாண்டினார். 30-ஐத் தாண்டிய மித வேகப்பந்து வீச்சாளரை முதல்முறை எடுப்பதே அபூர்வம். ஒருமுறை எடுத்து அனுப்பிவிட்டவரை மறுபடி கூப்பிடுவார்களா?

அந்த வருஷங்களில் அவர் என்ன செய்தார் என்றால், ஆடினார். தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆடினார், சென்னையில் லீக் ஆடினார். 1991-92-ல் நம் அணி ரஞ்சி இறுதிக்குப் போய் டெல்லியிடம் தோற்றது. 1995-96-ல் மறுபடி இறுதிக்குப் போய் கர்நாடகத்திடம் தோற்றது. ரஞ்சி மைதானம் எப்படியிருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். காலரியில் பத்துப் பதினைந்து பெரியவர்கள் குடையோடு உட்கார்ந்திருப்பார்கள். பள்ளிக்கு மட்டம் போட்ட பிள்ளைகள் நாலு பேர் இருப்பார்கள். காக்காய்கள் நிறைய இருக்கும். அங்கே நூறு அடித்தாலும் மறுநாள் பேப்பரில் பொடி எழுத்தில் ஒரு வரிதான்.

அவருடைய முதல்தர ஆட்டக் கணக்கு முழுவதையும் பார்த்தால், 137 ஆட்டம், 6997 ஓட்டம், 172 விக்கெட். ஏழாயிரத்துக்கு மூன்றே குறைவு. சராசரி 46. இதில் டிவியில் வந்தது எத்தனை ஓட்டம் இருக்கும்? கொஞ்சம்தான்.

இந்த இடத்தில் இரும்புலியூர்த் தம்பி என்னை நிறுத்திக் கேட்டான். "அந்த ஏழு வருஷம் சோத்துக்கு என்ன பண்ணாங்க பாஸ்டர்?" நல்ல கேள்வி. ஐபிஎல் வந்தது 2008-ல்தான். அதற்கு முன்னால் ரஞ்சி ஆடுகிறவர் அதை வைத்து மாத்திரம் குடும்பம் நடத்துவது கஷ்டம். சென்னையில் லீக் அணிகள் வைத்திருந்த கம்பெனிகளும் வங்கிகளும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து வைத்துக்கொள்ளும். ரயில்வேயிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை உண்டு. காலையில் வலைப்பயிற்சி, பிறகு ஆபீஸ், ஆட்டம் இருக்கிற நாளில் லீவு. நம் ஊரில் தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் ரொம்ப நாள் வரைக்கும் இதுதான் அர்த்தம். இன்றைக்கு ஐபிஎல் ஏலத்தில் கோடிகளைப் பார்க்கிற பிள்ளைகள் இதை அறிந்திருப்பது நல்லது. பெற்றோரும்தான்.

நான் செய்தது

இதை எழுதுகிறபோது என் கதையை மறைத்தால் அது நேர்மையாய் இராது. எனக்கும் ஒரு லிஸ்ட் இருந்தது. கல்லூரியில் முதல் வருஷம். நான் வேகப்பந்து வீசுவேன், சுமாராய் அல்ல, நன்றாகவே. எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். நோட்டீஸ் போர்டில் பதினைந்து பேர் இருந்தது, என் பேர் இல்லை. என்னைவிட மெதுவாய்ப் போடுகிற ஒருவன் பேர் இருந்தது. அவன் யாருக்குச் சொந்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சிக்குப் போனேன். பிறகு ஒரு நாள் என் ஸ்பைக் ஷூவைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு வந்தேன். அந்தப் பணத்தில் ஏதோ தின்றேன், என்னவென்றுகூட நினைவில்லை.

பிற்காலத்தில் வாலிபர் கூட்டங்களில் இதைச் சொல்லும்போது, தேவன் என்னை வேறே வேலைக்கு அழைத்ததினால் விளையாட்டை விட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். கேட்க நன்றாயிருக்கும். ஆனால் வேதாகமக் கல்லூரிக்கு நான் போனது அதற்கு ஆறு வருஷம் கழித்து. ஷூவை விற்ற அன்றைக்கு அழைப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் ரோஷம். அந்தத் தாயார் "பேட்டைப் பரண்ல போடச் சொல்லுங்க" என்று சொன்னபோது என் வாய் சட்டென்று சரியென்று சொல்லாததற்கு இதுதான் காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

1996-ல் டைட்டன் கோப்பைக்கு ராபின் சிங்கை மறுபடி கூப்பிட்டார்கள். வயது 33 ஆகியிருந்தது. அவர் இந்தியாவுக்கு ஆடியது மொத்தம் 136 ஒருநாள் ஆட்டம். கழித்துப் பாருங்கள். முதல் இரண்டு போக மீதி 134-ம் இந்த வயதுக்குப் பிறகு ஆடியவை.

நம்மில் நாற்பதைத் தாண்டிய சகோதரர்கள் 1998 ஜனவரி 18-ஐ மறந்திருக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை. டாக்காவில் இந்தியாவும் பாகிஸ்தானும் மூன்றாவது இறுதி ஆட்டம் ஆடின. முந்தின இரண்டில் ஆளுக்கொன்று ஜெயித்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் அப்போது டிவி கிடையாது. எங்கள் சபையில் யார் வீட்டிலும் இருக்கக்கூடாது. நான் பிளஸ் டூ படிக்கிறேன். சாயங்காலக் கூட்டத்துக்கு என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமாய்க் கிளம்பி, மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு டிவி கடை வாசலில் போய் நின்றுவிட்டேன். கையில் வேதாகமம் வேறு. முப்பது நாற்பது பேர் நிற்கிறார்கள்.

பாகிஸ்தான் 48 ஓவரில் 314 அடித்திருந்தது. சயீத் அன்வர் 140, இஜாஸ் அகமது 117. அதுவரைக்கும் உலகத்தில் எந்த அணியும் ஒருநாள் ஆட்டத்தில் அவ்வளவு பெரிய இலக்கைத் துரத்தி ஜெயித்ததில்லை. சச்சின் வேகமாய் அடித்து 41-ல் அவுட். அடுத்து யார் வருவார்? எல்லாரும் அசாருதீனைத்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் இறங்கி வந்தது ராபின் சிங்! வழக்கமாய் ஆறாவது ஏழாவது ஆளாக வருகிறவர். கடை வாசலில் ஒரு ஆட்டோக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சுடா, யார அனுப்பிக்கிறாங்க பாரு."

அவரும் கங்குலியும் சேர்ந்து 179 ஓட்டம் எடுத்தார்கள். கங்குலி 124. ராபின் 82. அவர் அடித்த சிக்சரும் பவுண்டரியும் இருக்கட்டும், நான் பார்த்து மலைத்தது அவர் ஓடின ஓட்டம். ஒன்று எடுக்கிற இடத்தில் இரண்டு ஓடினார். சட்டை முழுக்க மண். 34 வயது மனுஷர், பத்தொன்பது வயதுப் பையனைப்போல விழுந்து எழுந்து ஓடுகிறார். அந்த ஓட்டம் அன்றைக்குக் காலையில் வந்ததல்ல. யாரும் பார்க்காத ஏழு வருஷக் காலைகளில் ஓடி வைத்தது.

பின்னால் யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் அப்பா. கூட்டத்துக்குப் போகிற வழியில் என்னைப் பார்த்துவிட்டார். உயிரே போயிற்று எனக்கு. அவர் என்னைப் பார்க்கவில்லை, டிவியைப் பார்த்தார். "எத்தனை வேணும்?" என்று மெதுவாய்க் கேட்டார். கடைசியில் இரண்டு பந்தில் மூன்று வேண்டியிருந்தது. டாக்காவில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்கிறது. கனித்கர் என்கிற புதுப் பையன் சக்லைன் பந்தைத் தட்டி நாலாக்கினார். 47.5 ஓவரில் 316. ஆட்டோக்காரர் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் கூட்டத்துக்குத் தாமதமாய்த்தான் போனோம். அன்றைக்கு ராத்திரி வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இதை வாசித்தால் தெரிந்துகொள்வார்கள்.

மறுநாள் பேப்பரில் கனித்கர் படம். கங்குலி படம். ராபின் சிங்குக்குப் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. 1999 உலகக் கோப்பையில் டான்டன் என்கிற ஊரில் இலங்கையோடு ஆட்டம். கங்குலி 183, திராவிட் 145, இருவரும் சேர்ந்து 318. இது இன்றைக்கும் எல்லாருக்கும் தெரியும். அதே ஆட்டத்தில் 31 ஓட்டம் கொடுத்து 5 விக்கெட் எடுத்தது யார் என்று கேளுங்கள், பத்தில் எட்டுப் பேர் முழிப்பார்கள்.

டெஸ்ட் ஆட்டம் அவருக்கு ஒன்றே ஒன்று. 1998 அக்டோபரில், ஜிம்பாப்வேயில் ஹராரேயில். வயது 35. இரண்டு இன்னிங்சிலும் சேர்த்து 27 ஓட்டம், அணியும் தோற்றது. மறுபடி டெஸ்ட் கிடைக்கவில்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பொறுமையாயிருந்தால் எல்லாம் கிடைக்கும் என்று நான் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லமாட்டேன். அவருக்கு ஒன்று கிடைத்தது, இன்னொன்று கிடைக்கவில்லை.

கடை அலமாரியும் கால்பந்தும்

இதே காலத்தில் அமெரிக்காவில் ஒருவர் இருந்தார். அவர் கதை பல சபைகளில் சொல்லப்படுகிறது, அதனால் கொஞ்சமாய்ச் சொல்கிறேன். அமெரிக்கர் ஃபுட்பால் என்று சொல்வது நம் கால்பந்து அல்ல. முட்டை மாதிரி பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற, எறிகிற ஆட்டம். அதில் பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுக்கிறவருக்கு குவார்ட்டர்பேக் என்று பெயர். அணிக்கு மூளை அவர்தான். அங்கே கல்லூரி ஆட்டத்தைப் பார்க்கவே ஆயிரமாயிரமாய் ஜனம் வரும். கல்லூரியில் ஆடியவர்களை வருஷாவருஷம் பெரிய லீக் அணிகள் வரிசையாய்ப் பொறுக்கி எடுக்கும்.

கர்ட் வார்னர் அயோவா மாநிலத்துக்காரர். வடக்கு அயோவா பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம் வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 1994-ல் எந்த அணியும் அவரைப் பொறுக்கவில்லை. கிரீன் பே பேக்கர்ஸ் அணி பயிற்சிக்குக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியது. சீடர் ஃபால்ஸ் ஊரில் ஹை-வீ என்கிற மளிகைக் கடையில் ராத்திரி வேலைக்குச் சேர்ந்தார். சாமான்களை அலமாரியில் அடுக்குகிற வேலை, மணிக்கு ஐந்தரை டாலர். பிறகு கூரைக்குக் கீழே ஆடுகிற சின்ன லீக்கில் மூன்று வருஷம், ஐரோப்பாவில் ஆம்ஸ்டர்டாம் அணிக்கு ஒரு பருவம். 1999-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் முதல் குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீனுக்கு முழங்கால் போயிற்று. வேறு ஆளில்லாமல் இவரை இறக்கினார்கள். அந்தப் பருவத்தில் 41 டச்டவுன் எறிந்து லீக்கிலேயே சிறந்த ஆட்டக்காரரானார். 2000 ஜனவரி 30-ல் சூப்பர் போலையும் ஜெயித்தார். 2017-ல் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

ஜெயித்தவுடன் மேடையில் இயேசுவுக்கு நன்றி சொன்னார் என்பதைத்தான் நம்மவர்கள் விரும்பிச் சொல்வார்கள். சொல்லட்டும், உண்மைதான். எனக்கு அந்த ராத்திரிக் கடைதான் பெரிதாய்த் தெரிகிறது. ஆட்டக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், சில மைல் தூரத்தில் தன்னோடு படித்தவர்கள் குடியிருக்கும்போது, டப்பா அடுக்குகிறார். ராபின் சிங்குக்கு அந்த ஏழு வருஷத்திலும் கையில் பேட்டாவது இருந்தது.

நம்ம பக்கத்திலேயே

தாம்பரத்தில் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் வந்ததிலிருந்து அதன் மைதானத்தில் எத்தனையோ பிள்ளைகள் ஓடியிருக்கிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் களவாக்கத்தில் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படித்தவர்தான் அஸ்வின். சின்ன வயதில் தொடக்க பேட்ஸ்மேனாக இருந்தவர் சுழற்பந்துக்கு மாறினார். 2011-ல் டெல்லியில் முதல் டெஸ்டிலேயே 9 விக்கெட். 2024 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஓய்வை அறிவித்தபோது 106 டெஸ்டில் 537 விக்கெட். படிப்பா ஆட்டமா என்று சண்டை நடக்கிற வீடுகளில் அவர் பட்டம் வாங்கியவர் என்பதையும் சொல்லிக்கொள்ளலாம்.

ராபின் சிங் 2001-ல் இந்தியாவுக்குக் கடைசி ஆட்டம் ஆடினார். பிறகு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற வேலை. ஹாங்காங் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். 2007-ல் தென்னாப்பிரிக்காவில் இந்தியா டி20 உலகக் கோப்பையை ஜெயித்தபோது ஃபீல்டிங் பயிற்சியாளர் அவர்தான். 2008-ல் முதல் ஐபிஎல்லில் டெக்கான் சார்ஜர்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். அந்த அணி கடைசி இடத்துக்கு வந்தது. அடுத்து மும்பை அணி. 2011 அக்டோபரில் அந்த மும்பை அணி சாம்பியன்ஸ் லீக்கை ஜெயித்தது, நம்முடைய சேப்பாக்கத்தில். 1988-ல் ரஞ்சிக் கோப்பை தூக்கின அதே மைதானம்.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் வாலிபர் கூடுகையில் இதைப் பற்றிப் பேசுவோம். ஒரு சகோதரர் லேப்டாப் கொண்டுவருவார். டாக்கா ஆட்டத்தின் கடைசி ஓவர்களைப் போட்டுக் காட்டுவோம். பெற்றோரும் வரலாம். என் அப்பா முன் வரிசையில் இடம் கேட்டிருக்கிறார்.

இரும்புலியூர்த் தாயாருக்கு இந்தப் பாடத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டார்கள். டாக்காவுக்கும் ஒன்றும் சொல்லவில்லை, உலகக் கோப்பைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. முடித்தபிறகு ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

"அது சரி பாஸ்டர். கடல் தாண்டிப் படிக்க வந்த பிள்ளையாச்சே, பரீட்சை எழுதிச்சா இல்லியா?"

எழுதினார் அம்மா. பொருளாதாரத்தில் முதுகலை, சென்னைப் பல்கலைக்கழகம். பையன் உள்ளறையிலிருந்து முதல்முறையாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது.